ரெண்டு இஞ்சு மழை

ஊசிப்பாறைப்பாளையத்தில் சொட்டு மழை விழுந்து எட்டு மாதமாகியிருந்த ஒரு வைகாசிக் காலையில், செங்கோட்டுவேலுவின் பழைய வேனுக்குள் மட்டும் மழை பெய்தது. அதை யாரும் பெரிய சங்கதியாக எடுத்துக்கொள்ளவில்லை. செங்கோட்டுவேலுவே எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தைந்து வருஷம் ஓடிய வேன் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று நனைந்த பனியனைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, ஏணியைச் சாத்தி மேலே ஏறி, எங்கே ஓட்டை என்று தேட ஆரம்பித்துவிட்டார். ஒழுகுவதற்கு மேலே மழை என்று ஒன்று பெய்ய வேண்டுமே என்கிற யோசனை அவருக்கு மூன்றாம் நாள்தான் வந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மனுஷன் இருபத்தாறு வருஷம் போர்வெல் வண்டியில் டிரில்லராக இருந்தவர், தண்ணீர் என்றால் அவருக்குக் கீழேயிருந்து வருகிற சாமான். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஓர் ஆள் அப்படித்தான். ஆயுத பூசை முடிந்ததும் வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்துவிட்டு வடக்கே போவார்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா என்று யார் யார் காட்டிலோ ஆயிரம் அடிக்குக் குழி போட்டு, யார் யார் வீட்டுக்கோ தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆனி ஆடியில் அங்கே மழை பிடித்து, மண் சேறாகி, வண்டி நகர முடியாமல் நின்ற பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வருவார்கள். ஊரிலோ நாலு நாளைக்கு ஒரு தரம்தான் குழாயில் தண்ணீர் வரும், அந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல! கிளம்புகிற ஆண்கள் எல்லோரும் வாசற்படியில் நின்று பெண்டாட்டியிடம் சொல்வது ஒன்றுதான்: "மழை புடிச்சா வந்துருவேன்." செங்கோட்டுவேலுவும் இருபத்தாறு வருஷம் அதைச் சொன்னார். அதில் பதினொரு வருஷம் மழை பிடித்தது, அவர் வரவில்லை.

இந்த வேன் அப்போது குழி போடுகிற ரிக் வண்டிக்குப் பின்னாலேயே போகும் ஆட்கள் வேன். அதில்தான் படுக்கை, அதில்தான் அடுப்பு, அதில்தான் சீக்கு வந்தால் சுருண்டு கிடப்பது. இடுப்பு போய்விட்டது, இனி ஆகாது என்று வேலையை விட்டபோது, கடைசியாக என்ன வேண்டும் என்று ஓனர் கேட்டதற்கு, பழைய இரும்புக்குப் போகவிருந்த அந்த வேனைக் கேட்டார். தை மாதம் வேனோடு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அன்றிலிருந்து அதற்கு வைத்தியம் பார்ப்பதே அவருக்குப் பிழைப்பாகிப் போனது. சக்கரத்துக்கு மேலே தின்றுபோன தகரத்தை வெட்டி ஒட்டுப் போட்டு வெல்டிங் வைத்து, பட்டி பூசித் தேய்த்து, அடியில் பாரம் தாங்குகிற பட்டாப் பட்டைகளுக்கு கிரீஸ் அடித்து, தள்ளுகதவின் உருளையை மாற்றி, உள்ளே மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி ரெண்டு பலகைப் படுக்கை அடித்து, நாற்பது லிட்டர் தண்ணீர் டேங்கும் கையால் அமுக்கினால் தண்ணீர் வருகிற குழாயும் மூணு கிலோ சிலிண்டரும் வைத்து, சன்னலுக்குச் சம்பூர்ணத்தின் பழைய சேலையைக் கிழித்துத் திரை போட்டார். வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் மட்டும் எத்தனை தரம் பிரித்து மாட்டினாலும் திங்கட்கிழமை பிடித்தால் செவ்வாய்க்கிழமை பிடிக்காது. அதனால் வேனை எப்போதும் சரிவு பார்த்தே நிறுத்துவார்.

சம்பூர்ணம் அவருடைய பெண்டாட்டி. பழனிக்கு அந்தப் பக்கம் எதையும் பார்க்காதவள். அவளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும், வடக்கே தான் குழி போட்ட ஊரெல்லாம் காட்ட வேண்டும், காசியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதுதான் அவர் திட்டம். அவளும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் சுத்துப்பட்டு ஊரெல்லாம் அறிந்த கறாரான பொம்பளை.

"ஏனுங்க, அந்த வண்டி ஒழுகாதுங்களா?"

"ஒரு சொட்டு ஒழுகாது அம்மிணி."

"ஒழுகாத வண்டின்னா வாரேன். ஆடிப் பதினெட்டுக்கு நம்ம புள்ள பூங்கொடி காரெடுத்துட்டு வாரேன்னு சொல்லியிருக்கறா, ஓசூருக்கே வந்து இருந்துக்கங்கம்மான்னு. அதுக்குள்ள உங்க வண்டி ஆச்சுன்னா உங்க கூட. ஆகலைன்னா புள்ள கூட. நானும் எத்தன நாளைக்குத்தான் வாசலையே பாத்துட்டு ஒக்காந்திருக்கறது?"

சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மழை பிடித்துவிட்டது. அதுவும் முதல் சொட்டு எங்கே விழுந்தது என்கிறீர்கள்? அவளுக்கென்று அடித்த பலகையில், அவள் தலை வைக்க வேண்டிய இடத்தில்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். செங்கோட்டுவேலு படுப்பது வேனில்தான். வீட்டுக்குள்ளே காற்று வரவில்லை என்பார். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் உள்ளே போவார். சம்பூர்ணம் அலமாரி மேலிருந்து ஒறம்பரைத் தட்டை எடுப்பாள். ஒறம்பரை என்றால் அந்தப் பக்கத்தில் விருந்தாளி. உறவுக்காரர்கள் வந்தால் மட்டும் எடுக்கிற, பேர் வெட்டிய, பெரிய எவர்சில்வர் தட்டு அது. அதைத் துடைத்துப் போட்டு, ரசம் போதுமா, உப்பு போதுமா என்று எழுந்து எழுந்து பரிமாறுவாள். அவர் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, "அப்ப நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போவார். சொந்த வீட்டில் தின்றுவிட்டு எவனாவது வாரேன் என்று சொல்வானா? இவர் சொல்வார்.

டிங்கர் காஜா வந்து பார்த்தான். அந்த வட்டாரத்தில் லாரி பாடி ஒழுகினால் அவன்தான். கூரையில் இருந்த ஆணி அத்தனையையும் பிடுங்கி, வாஷர் மாற்றி, மூட்டுக்கு மூட்டு சிலிகான் பசை வைத்து, சன்னலுக்கெல்லாம் புது ரப்பர் பீடிங் போட்டு, கூரை முழுக்கத் தார் ஷீட் ஒட்டினான். மறுநாள் காலை எட்டு மணிக்கு மழை வழக்கம்போல் பிடித்தது. காஜா உள்ளே போய், கூரையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து, தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

"வேலண்ணா, கூரை காஞ்சு கெடக்குது. கூரைக்கு ஒரு சாண் கீழ இருந்துதான் மழையே ஆரம்பிக்குது. இது என் டிபார்ட்மெண்ட் இல்லீங்க."

"அப்ப யாரு டிபார்ட்மெண்ட்டு?"

"அதுதான் எனக்கும் தெரியல."

செங்கோட்டுவேலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதைவிட அவரை உறுத்தியது அந்த மழையின் வாசனை. எங்கேயோ மோந்த வாசனை. அது எங்கே என்று மனசு போகப் பார்க்கும், அவர் வேண்டாம் என்று திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். இப்படித் தெரிந்தும் தெரியாமலும் அவர் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஊர் தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

முதலில் எதிர்வீட்டுப் பெண் ஒரு குடத்தை வைத்தாள். பிறகு பத்துக் குடம். பிறகு வேனின் தள்ளுகதவிலிருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. எட்டு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் மேற்குத் தெரு, பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் கிழக்குத் தெரு, அப்புறம் மழை விடுகிற வரைக்கும் தறிக்குடோன் ஆட்கள் என்று பஞ்சாயத்துத் தண்ணீர் ஆபரேட்டர் முறை வைத்தார். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்தது, சோறு கொஞ்சம் சிவந்து வந்தது, துவைத்த துணி காய்ந்த பிறகும் யாரோ ஊர் மண்ணின் வாடை அடித்தது, அதைக் கட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பும் தெருவை ஒரு நிமிஷம் மறந்து நின்றுவிட்டுப் பிறகு வந்து சேர்ந்தார்கள். அதற்காக யாரும் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லவில்லை. மழை எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்.

"எத்தன இஞ்சு தண்ணிங்க?"

போர்வெல்காரர்கள் ஊர் அல்லவா, அங்கே தண்ணீரை அளக்கிற கணக்கு அதுதான். குழியிலிருந்து வருகிற தண்ணீர் அரை இஞ்சா, ஒரு இஞ்சா, ரெண்டு இஞ்சா. கதவு வழியாக வழிகிற தண்ணீரைத் தகரப் பட்டையால் தடுத்து அளந்து பார்த்து, முக்கால் இஞ்சு என்றார்கள். முக்கால் இஞ்சு என்றால் பரவாயில்லை, ஒரு தோட்டம் வெள்ளாமை பண்ணலாம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் செங்கோட்டுவேலுவுக்கு ஆடிப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் தேங்காய்க்கார அர்த்தனாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார் அர்த்தனாரி. எந்த இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கிறதோ அந்த இடத்தில் தண்ணீர், அதுதான் பாயிண்டு. வேனுக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் போனார். சம்பூர்ணத்தின் பலகைக்கு நேராக வந்ததும் தேங்காய் நட்டுக்குத்தலாக நின்றது, குடுமி மேலே.

"பாயிண்டு விழுந்துருச்சு. ஆனா மேல காட்டுது" என்றார் அர்த்தனாரி.

பாயிண்டு விழுந்த பிறகு குழி போடாமல் விடுவது அந்த ஊரில் வழக்கமே கிடையாது. விட்டால் வீட்டுக்கு ஆகாது. பழைய டிரில்லர்கள் ஆறு பேர் வேனைச் சுற்றி நின்று, மீசையைத் தடவி, ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். மேலே அழுத்தம் கட்டிக்கொண்டு நிற்கிறது, ஓட்டை போட்டு விட்டால் அது மேலே பார்த்துப் போய்விடும், உள்ளே ஒழுகாது என்பது அவர்கள் கணக்கு. வேறு எந்த ஊர்க்காரனாவது ஒழுகுகிற கூரையில் ஓட்டை போடுவானா? இவர்கள் போட்டார்கள். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி, நாலு இஞ்சு வட்டத்தில் கூரையை அறுத்தார்கள். அறுத்ததும் மழை நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஓட்டை வழியாக வெறும் நீல வானமும் வெயிலும் தெரிந்தன. "ஆச்சுடா சாமி" என்று செங்கோட்டுவேலு வாயைத் திறந்ததுதான் தாமதம், படபடவென்று பிடித்தது பாருங்கள், முன்னே பெய்ததுபோல் மூணு மடங்கு, வெயிலும் மழையும் ஒன்றாக.

"ரெண்டு இஞ்சு!" என்று கத்தினார் ஆபரேட்டர். தெரு முழுக்கக் குலவை போட்டார்கள். குழி போட்டால் கேசிங் இறக்க வேண்டும் என்பதால், ஓட்டையில் நாலு இஞ்சு பிளாஸ்டிக் குழாயையும் சொருகி, மூடியும் போட்டுவிட்டுப் போனார்கள். வாசற்படியில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சம்பூர்ணம், "நல்லா இருக்குதுங்க உங்க ரிப்பேரு" என்று சொல்லிவிட்டு, ஓசூருக்கு எடுத்துப்போகிற பையில் ஒரு சேலையை மடித்து வைத்தாள். செங்கோட்டுவேலுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனி பிறந்ததும், ஓடத் தகுதியான வண்டி என்று சான்று வாங்க, வேனை எஃப்.சி.க்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. உள்ளே பெய்கிற மழைக்கு முன்கண்ணாடி மறைக்கிறதே என்று காஜா கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு வைப்பர் வைத்துக் கொடுத்தான். ஆய்வாளர் அம்மா குடையோடு ஏறி உட்கார்ந்து, பிரேக் பார்த்து, லைட் பார்த்து, உள்ளே மழை பெய்யக் கூடாது என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லை என்பதைப் புரட்டிப் பார்த்து, 'வைப்பர்கள் வேலை செய்கின்றன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ஊரே செங்கோட்டுவேலுவைப் பாராட்டியது. அவருக்கோ எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை.

ஆடிப் பதினேழாம் நாள். தறிக்குடோன் ஆட்கள் முறை. வரிசையில் சுக்மதி என்கிற பெண் நின்றாள். சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்து ரெண்டு வருஷமாகத் தறி ஓட்டுகிறவள், வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. புருஷன்தான் வழக்கமாகத் தண்ணீருக்கு வருவான், அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். கதவுக்குக் கிட்டே வந்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள்பாட்டுக்கு வேனுக்குள் ஏறி மழையில் நின்றாள். ரெண்டு கையையும் விரித்து, முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து குடித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். வரிசையில் நின்றவர்கள் முறை போகிறதே என்று சத்தம் போட்டார்கள்.

குடத்தோடு நின்ற சம்பூர்ணம்தான் போய் அவள் கையைப் பிடித்தாள். "என்ன கண்ணு? யாரு என்ன சொன்னா?"

"இது எங்கூர் மழை" என்றாள் சுக்மதி. "கொண்டாகாவ். எங்கூர் செம்மண், எங்கூர்க் காட்டு எலை. எனக்குத் தெரியும் அக்கா. எங்கூர் மழை இங்க எதுக்கு வந்துச்சு?"

சம்பூர்ணம் அவள் கையை விட்டாள். கொண்டாகாவ் என்கிற பேர் அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியாமல் இருக்கும்? ஃபோனில் கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்த பேர். ஆனி மாதம் மற்ற வீட்டு ஆண்கள் எல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி மூட்டையோடு தெருவில் நடந்து வருவார்கள், அவள் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பாள், கடைசி ஆளும் போன பிறகு ஃபோன் வரும். 'மழை புடிச்சிருச்சு அம்மிணி, ஆனா ஓனர் வண்டிக் காவலுக்கு என்னை இருக்கச் சொல்லிட்டாரு, கொண்டாகாவ்ல நிக்கறேன்.'

அவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு, வேனைச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கத்துக்கு வந்தாள். செங்கோட்டுவேலு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். சுக்மதி சொன்னதை அவரும் கேட்டிருந்தார்.

"கொண்டாகாவ்ல எத்தன மழைக்கு நின்னீங்க?"

"நாலு."

"மத்ததெல்லாம்?"

"ரீவாவுல மூணு. காலாஹண்டியில நாலு." அவருக்கு அதையெல்லாம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இந்த ரெண்டு மாதமாக எந்த நாளில் எந்த ஊர் மழை பெய்தது என்பது அவர் மூக்குக்கு அன்றன்றைக்கே தெரிந்திருந்தது. "எல்லாம் இந்த வேனுக்குள்ள ஒக்காந்து பாத்த மழைதான் அம்மிணி."

"பதினொண்ணு" என்றாள் அவள். "பதினொண்ணுக்கும் ஓனரு விடலீங்களா?"

அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பொய், இன்னும் ஒரு தரம் சொன்னால் தேய்ந்துவிடாது. ஆனால் மழை முகத்தில் அடித்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை, மனசு எங்கேயோ போனது, இந்தத் தரம் அதைத் திருப்பிக்கொண்டு வர அவருக்குத் தெம்பில்லை.

"இல்ல. காவலுக்கு அங்கயே ஆளு இருந்துச்சு. யாரும் என்னை நிக்கச் சொல்லல. நானாத்தான் நின்னேன்."

"ஏன்?"

"அதுதான் எனக்குத் தெரியல" என்றார் செங்கோட்டுவேலு. "வரோணும்னுதான் மூட்டை கட்டுவேன். பஸ்ஸு வரும். ஏறமாட்டேன். வூட்டுக்கு வந்தா எனக்கு ஒண்ணும் புரியமாட்டேங்குது. சுச்சு ஒரு பக்கம் இருந்துச்சுன்னு கைய வெச்சா அது வேற பக்கம் இருக்குது. பூங்கொடி உங்க பின்னால போயி ஒளிஞ்சுக்குவா. நீங்க ஒறம்பரைத் தட்ட எடுத்துத் தொடச்சுப் போடுவீங்க. வந்தவன் எப்பக் கெளம்புவான்னு பாக்கற மாதிரி இருக்கும் எனக்கு. வேன்ல எது எங்க இருக்குதுன்னு தெரியும். அதனால அதுலயே ஒக்காந்துக்கிட்டேன். மழை பெய்யும். வூட்டுல இப்ப என்ன பண்ணுவாங்கன்னு நெனச்சுட்டே இருப்பேன்."

பெண்டாட்டியை நீங்க வாங்க என்று அவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவருக்கே அது தெரியவில்லை. யாரோ விருந்துக்குப் போன வீட்டில் பேசுகிற மாதிரி வந்துவிட்டது.

சம்பூர்ணம் வேன் கதவில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். "அட கூறுகெட்ட மனுசா" என்றாள், இருபத்தாறு வருஷத்தில் முதல் தரமாக. "வூட்டுல நல்ல தட்டுன்னு இருந்தது அது ஒண்ணுதான். நானும் புள்ளையும் ஒடுங்குன தட்டுலதான் திம்போம். வருசத்துக்கொருக்கா வர்ற புருசனுக்கு ஒடுங்குன தட்டுல எப்படிப் போடறது? அதுக்காவா வராம இருந்தீங்க? ஒரு தட்டுக்காவா நான் பதினோரு வருசம் வாசல்ல நின்னேன்?"

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. இவரும் போகவில்லை.

மறுநாள் ஆடிப் பதினெட்டு. மழை விடவில்லை. கொண்டாகாவும் ரீவாவும் காலாஹண்டியும் கலந்து, பதினோரு வருஷ மழையும் ஒரே மழையாகப் பெய்தது. பொழுதேறியதும் சம்பூர்ணம் பையோடு வெளியே வந்தாள். மகள் வருவதற்கு முன்பே பையைத் தூக்கிவிட்டாளே என்று செங்கோட்டுவேலு சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். அவள் பையைப் படியில் வைத்துவிட்டு நேராக வேன் கிட்டே வந்தாள்.

"வண்டிய எடுங்க."

அவர் சந்தோஷத்தில் பக்கத்து சீட்டில் தேங்கிய தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார். "இன்னும் ஒழுகுதே அம்மிணி. ஏறிக்கோ. எங்க போலாம்? காசிக்கா?"

"நான் ஏறல. நீங்க எடுங்க."

"எங்க எடுக்கறது?"

"வூட்டுக்கு."

வேனுக்கும் வீட்டுக்கும் நடுவில் எட்டடி. அவர் வீட்டைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வூடு இங்கதான இருக்குது?"

"இங்கதான் இருக்குது. அது எங்கயும் போகல. நீங்கதான் இன்னும் வரல. போங்க, வடக்க போற ரோட்டுல போயி, அங்க இருந்து வாங்க."

வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் செல்ஃப் பிடிக்காதபோது தள்ளத்தான் வேண்டும் என்பது புரிந்தது. குடங்களை ஓரமாக வைத்துவிட்டு, அர்த்தனாரி, காஜா, ஆபரேட்டர், சுக்மதி என்று எல்லோரும் கைவைத்துத் தள்ளினார்கள். வேன் சரிவில் உருண்டு, ரெண்டு இருமல் இருமி, புகையைத் தள்ளிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

உள்பக்கத்து வைப்பர் கிரீச் கிரீச் என்று ஓட, மடியில் தண்ணீர் தேங்க, கேசிங் குழாயின் மூடி தடதடவென்று ஆட, செங்கோட்டுவேலு ஊரைத் தாண்டி, தறிக்குடோன்களைத் தாண்டி, சங்ககிரி ரோட்டு முக்குக்கு வந்து நிறுத்தினார். ரிக் வண்டிகள் வடக்கே திரும்புகிற முக்கு அது. வெயிலில் ரோடு பளபளவென்று கிடந்தது. அந்தப் பக்கம் போனால் ஒவ்வொரு டீக்கடையும் தெரியும், ஒவ்வொரு பங்க்கும் தெரியும், எந்தப் புளியமரத்தடியில் படுக்கலாம், எந்த ஊரில் தண்ணீர் உப்பு என்பது தெரியும். திரும்பினால் வீடு. அங்கே சுச்சு எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியாது. அவர் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்து, "பெரியவரே, வண்டிக்குள்ள மழையா? எங்கதான் போறீங்க, கைய காட்டுங்க!" என்று கத்தினான். இண்டிகேட்டர் வேலை செய்யாத வண்டி. எங்கே போகிறேன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். நனைந்த கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டினார். பிறகு அந்தக் கை காட்டிய பக்கமே வண்டியைத் திருப்பினார்.

தெருவுக்குள் வந்தபோது வீட்டு வாசலில் பூங்கொடியின் கார் நின்றது. சம்பூர்ணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒவ்வொரு ஆனி மாதமும் நின்ற அதே இடத்தில். அவர் ஹாரன் அடித்தார். வண்டியை நிறுத்தி, பலகைக்கு அடியில் இருந்த பழைய மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட இறங்கி நடந்தார்.

"வாங்க" என்றாள் அவள். "அங்க மழை புடிச்சிருச்சுங்களா?"

"புடிச்சிருச்சு அம்மிணி. அதான் வந்துட்டேன்."

துண்டைக் கொடுத்தாள். பூங்கொடி அம்மாவின் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "நேரமாச்சும்மா, கெளம்பலாமா?" என்றாள்.

"நான் எப்படி கண்ணு வர்றது?" என்றாள் சம்பூர்ணம். "உங்கப்பா இப்பத்தான ஊர்லேர்ந்து வந்திருக்கறாரு."

பூங்கொடி அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, தரையைத் துடைக்கத் துணி எங்கே என்று தேடப் போனாள்.

வேனில் மழை நின்றதா என்று கேட்டால் ஊரில் ரெண்டு கட்சி. அவர் இறங்கியதும் நின்றுவிட்டது என்பார்கள் மேற்குத் தெருக்காரர்கள், முக்கால் இஞ்சு இன்னும் வருகிறது என்பார் ஆபரேட்டர். குடங்கள் மட்டும் சாயங்காலம் வரைக்கும் வரிசையில் நின்றன.

உள்ளே செங்கோட்டுவேலு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் சம்பூர்ணம் ஒரு தட்டை வைத்தாள். ஓரம் நசுங்கி, அடி ஒடுங்கி, வைத்தால் ஒரு பக்கம் ஆடுகிற தட்டு. அதில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். ஊற்றிவிட்டுத் தானும் எதிரே ஒரு ஒடுங்கிய தட்டோடு உட்கார்ந்தாள். அவர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார்.

"உப்பு கம்மியா இருக்குதே."

அவள் நிமிரவில்லை. "எந்திரிச்சுப் போயி எடுத்துக்கங்க."

அவர் எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். இருட்டாக இருந்தது, சுச்சைத் தடவினார், அது வேறு பக்கம் இருந்தது. முதல் டப்பாவில் புளி, ரெண்டாவதில் கடுகு, மூணாவதில் எதுவோ மாவு. எங்கே இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, மோந்து பார்த்து, மூடி வைத்துக்கொண்டிருந்தார்.